குதிரைக்குட்டியின் முதல் 24 மணி நேரம்: சீம்பால் போய்ச் சேர்ந்ததா?

ஒரு குதிரைக்குட்டி பிறந்தவுடன், பால் குடிப்பதற்கு முன்னால், ரத்தம் எடுத்துப் பார்த்தால் அதில் நோய் எதிர்ப்புப் புரதம் ஏறக்குறைய பூஜ்யமாகத்தான் இருக்கும். பதினொரு மாதம் சுமந்த தாய், ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்கும் அளவுக்குக் கால்களைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். ஆனால் கிருமிகளோடு சண்டை போடத் தேவையான ஆன்டிபாடிகளை மட்டும் கொடுக்கவில்லை. அதையெல்லாம் மடியில் சேர்த்து வைத்திருக்கிறாள். சீம்பாலில்.

குட்டி அதைக் குடித்ததா, குடித்தது ரத்தத்தில் ஏறியதா என்று முதல் நாளிலேயே கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடிக்காமல் விட்டால், மூன்றாம் நாள் குட்டி சோர்ந்து படுக்கும், மூட்டு வீங்கும், ரத்தத்தில் கிருமி பரவியிருக்கும். அதற்குப் பிறகு காப்பாற்றுவது கஷ்டம்.

இதற்கான பரிசோதனைகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்து எடுத்த குறிப்புகள் இவை. நான் கால்நடை மருத்துவர் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது ஒரு கேள்வி: துல்லியமான பதில் தாமதமாக வந்தால் அதற்கு என்ன மதிப்பு?

தாய் ஏன் முன்கூட்டியே கொடுக்கவில்லை?

மனிதக் குழந்தையின் கதை வேறு. நம் நஞ்சுக்கொடியில் தாயின் ரத்தம் கருவின் திசுவை நேரடியாகத் தொட்டு ஓடுகிறது. இம்யூனோகுளோபுலின் ஜி, சுருக்கமாக ஐஜிஜி, என்ற ஆன்டிபாடியைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளிவிடுவதற்கென்றே ஒரு ஏற்பி இருக்கிறது. அதனால் நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் ஐஜிஜி தாயின் அளவுக்கே, சில சமயம் அதற்கு மேலேயே இருக்கும்.

குதிரையில் தாயின் ரத்தத்துக்கும் கருவின் ரத்தத்துக்கும் நடுவில் ஆறு அடுக்குத் திசு. ஆக்ஸிஜன் போகும், சர்க்கரை போகும். ஐஜிஜி மாதிரி பெரிய புரதம் போகாது. மாடு, ஆடு, பன்றி எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட இதே நிலைதான்.

பால் வழியாக எதிர்ப்பாற்றல் போகும் என்பதை முதலில் சோதனையில் காட்டியவர் பால் எர்லிச், 1892-ல். அவர் பயன்படுத்திய விஷங்கள் இரண்டும் நமக்குப் பழக்கமான செடிகளிலிருந்து வருபவை: குன்றிமணியில் இருக்கும் அப்ரின், ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசின். பெண் எலிகளுக்கு இவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கினார். பிறகு குட்டிகளை மாற்றிவிட்டார். பழகாத தாய்க்குப் பிறந்த குட்டி, பழகிய தாயிடம் பால் குடித்தால், அதுவும் விஷத்தைத் தாங்கியது. குட்டி தானாக எதையும் உருவாக்கவில்லை, தாயிடம் கடன் வாங்கியிருக்கிறது.

1922-ல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் ரால்ஃப் லிட்டிலும் கன்றுக்குட்டிகளில் இதைப் பார்த்தார்கள். சீம்பால் கொடுக்காத கன்றுகளில் பெரும்பாலானவை சில நாட்களில் செத்தன. உறுப்புகளில் இருந்தது ஈ.கோலை, குடலில் சாதாரணமாக வாழும் கிருமி. அதாவது கொல்வதற்குப் பெரிய கொள்ளைநோய் வர வேண்டியதில்லை. தொழுவத்து வைக்கோலில் இருப்பதே போதும்.

கதவு மூடும் நேரம்

சாதாரணமாக நாம் சாப்பிடும் புரதம் குடலில் சிதைந்து அமினோ அமிலமாகித்தான் ரத்தத்துக்குப் போகும். ஆன்டிபாடி சிதைந்து போனால் அதனால் பயன் இல்லை. அதனால் பிறந்த குட்டியின் சிறுகுடலில் ஒரு தற்காலிக ஏற்பாடு இருக்கிறது. அங்குள்ள சிறப்பு செல்கள் பெரிய புரதங்களை முழுசாக விழுங்கி அந்தப் பக்கம் விட்டுவிடும்.

இந்த ஏற்பாடு ரொம்ப நேரம் இருக்காது. முதல் 6 முதல் 8 மணி நேரத்தில் உறிஞ்சுதல் உச்சத்தில் இருக்கும். பிறகு அந்த செல்கள் உதிர்ந்து சாதாரண செல்கள் வந்துவிடும். 24 மணி நேரத்தில் கதவு மூடிவிடும். எர்லிச்சின் எலிகளுக்கு இதே கதவு இரண்டு வாரத்துக்கு மேல் திறந்திருக்கும். குதிரைக்கு ஒரு நாள்தான். அதற்குப் பிறகு எத்தனை லிட்டர் சீம்பால் கொடுத்தாலும் அது வெறும் சத்தான பால், அவ்வளவுதான்.

மடியிலும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. கர்ப்பத்தின் கடைசி சில வாரங்களில் தாய் தன் ரத்தத்திலிருந்து ஐஜிஜியை மடியில் திரட்டி வைக்கிறாள். குட்டி குடிக்கக் குடிக்க அது தீர்ந்துவிடும். மறுபடி ஊறுவது சாதாரணப் பால். பிறந்து 12 மணி நேரம் தாண்டினாலே ஐஜிஜி வெகுவாக இறங்கியிருக்கும்.

குதிரைப் பண்ணைகளில் 1-2-3 என்று ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள். 1 மணி நேரத்தில் குட்டி நிற்க வேண்டும், 2 மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும், 3 மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். குதிரைகள் பெரும்பாலும் ராத்திரியில்தான் குட்டி போடும். யாராவது விழித்திருந்து கவனித்தால்தான் இந்த மூன்றும் தெரியும்.

எங்கெல்லாம் தவறும்?

தவறுவதற்கு நான்கு இடம் இருக்கிறது.

முதலாவது, தாயிடமே நல்ல சீம்பால் இல்லாதது. வயதான குதிரை, நோய்ப்பட்ட குதிரை, அல்லது ஃபெஸ்க்யூ என்ற புல்லில் வளரும் பூஞ்சையின் நச்சால் மடியே சுரக்காத குதிரை. அமெரிக்கப் பண்ணைகளில் இந்தப் புல் பெரிய தலைவலி.

இரண்டாவது, குட்டி பிறப்பதற்கு முன்பே பால் ஒழுகிப்போவது. சில குதிரைகளுக்கு நாள் கணக்கில் மடி சொட்டிக்கொண்டே இருக்கும். போவதெல்லாம் சீம்பால்தான். குட்டி வரும்போது மிச்சம் சாதாரணப் பால்.

மூன்றாவது, குட்டி குடிக்காதது. குறைமாதம், பிரசவத்தில் மூச்சுத் திணறல், கால் வளைவு, அல்லது முதல் ஈற்றுத் தாய் கிட்ட விடாமல் உதைப்பது.

நான்காவது, குடித்தும் உறிஞ்சாதது. பலவீனமான குட்டிகளில் இது நடக்கும்.

வெவ்வேறு ஆய்வுகளில் இந்தக் குறைபாடு சுமார் 3 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் வரை வந்திருக்கிறது. இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு ஒரு காரணம், எந்த அளவை எல்லையாக வைக்கிறோம் என்பது. பண்ணையின் கவனிப்பு இன்னொன்று.

எல்லைக்கோடுகள்

அளப்பது குட்டியின் ரத்தத்தில் இருக்கும் ஐஜிஜி. டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் போதுமானது. 400-க்கும் 800-க்கும் நடுவில் இருந்தால் அரைகுறை. 400-க்குக் கீழே போனால் தோல்வி.

800 என்ற எண் எவ்வளவு சீம்பாலைக் குறிக்கிறது என்று தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 கிலோ குட்டியின் ரத்தத்தில் பிளாஸ்மா சுமார் 4.5 லிட்டர். டெசிலிட்டருக்கு 800 மி.கி. என்றால் லிட்டருக்கு 8 கிராம், மொத்தம் 36 கிராம். நல்ல சீம்பாலில் லிட்டருக்கு 60 கிராமுக்கு மேல் ஐஜிஜி இருக்கும். அப்படியானால் அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் குடித்தால் போதுமே? போதாது. குடித்ததெல்லாம் உறிஞ்சப்படாது. உறிஞ்சியதில் ஒரு பங்கு ரத்தக்குழாயைத் தாண்டித் திசுக்களுக்குப் போய்விடும். அதனால்தான் நடைமுறையில் 1 முதல் 2 லிட்டர் வரை கொடுக்கச் சொல்கிறார்கள்.

எப்படி அளக்கிறார்கள்?

ஆய்வகத் தரத்துக்கு அளவுகோல், 1965-ல் மான்சினி குழுவினர் வடிவமைத்த முறை. அகார் ஜெல்லில் குதிரை ஐஜிஜிக்கு எதிரான ஆன்டிபாடியைக் கலந்து தட்டில் ஊற்றி, சின்னக் குழி போட்டு, குழியில் குட்டியின் சீரத்தை விடுவார்கள். ஐஜிஜி சுற்றிலும் பரவிப்போகும். இரண்டும் சரியான விகிதத்தில் சந்திக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம் விழும். வளையத்தின் விட்டத்தின் வர்க்கம் ஐஜிஜி அளவுக்கு நேர்விகிதம். அளவு தெரிந்த மாதிரிகளையும் பக்கத்திலேயே ஓடவிட்டு ஒப்பிட்டால் எண் கிடைத்துவிடும். அழகான முறை. ஒரே குறை, வளையம் விழ 18 முதல் 24 மணி நேரம் ஆகும்.

துத்தநாக சல்பேட் முறை ரொம்ப எளிது. கரைசலில் சீரத்தைக் கலந்தால் ஐஜிஜி திரிந்து கலங்கும். எவ்வளவு கலங்கலோ அவ்வளவு ஐஜிஜி. சுமார் 1 மணி நேரம். ரத்த மாதிரியில் சிவப்பணு உடைந்திருந்தால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். இது ஆபத்தான பக்கத்துத் தவறு.

குளூட்டரால்டிஹைடு முறையில் சீரம் கட்டியாகும் நேரத்தைப் பார்ப்பார்கள். 10 நிமிடத்துக்குள் உறைந்தால் 800-க்கு மேல். 1 மணி நேரத்துக்குள் என்றால் 400-க்கு மேல். உறையவே இல்லையென்றால் கவலைப்பட வேண்டும். மலிவு. ஆனால் நல்ல குட்டிக்குச் சீக்கிரம் பதில் வரும், மோசமான குட்டிக்குத்தான் கடைசி வரை காத்திருக்க வேண்டும்.

இன்று பண்ணைகளில் அதிகம் புழங்குவது எலிசா கொள்கையில் வேலை செய்யும் சின்னப் பெட்டி. ஐடெக்ஸ் நிறுவனத்தின் ஸ்னாப் இதில் பிரபலம். கர்ப்பப் பரிசோதனைக் கிட் மாதிரி தொழுவத்திலேயே செய்யலாம், சுமார் 10 நிமிடம். 400, 800 அளவுகளுக்கான நிறப் புள்ளிகள் பக்கத்திலேயே இருக்கும், குட்டியின் புள்ளி எதைவிட அடர்த்தி என்று பார்க்க வேண்டும். துல்லியமான எண் வராது. எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று மட்டும் தெரியும்.

ரிஃப்ராக்டோமீட்டர் போதாதா என்று கேட்கலாம். சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சாற்றின் பிரிக்ஸ் பார்க்கும் அதே கருவி. கன்றுக்குட்டியின் சீரத்தில் மொத்தப் புரதத்தை இதில் அளந்து ஐஜிஜியை ஊகிக்கலாம், நன்றாகவே பொருந்தும். குதிரைக்குட்டிக்கு இது சரிவராது. பால் குடிக்கும் முன்பே ஒவ்வொரு குட்டிக்கும் புரத அளவு நிறைய மாறுபடும், நீர்ச்சத்து குறைந்தால் எண் தானாக ஏறும்.

ஆனால் சீம்பாலை அளக்க இதே கருவி அருமையானது. குட்டி வாய் வைப்பதற்கு முன் சில சொட்டுக் கறந்து வைத்துப் பார்த்தால் போதும். பிரிக்ஸ் 20-க்கு மேல் என்றால் நல்லது, 30-க்கு மேல் என்றால் மிக நல்லது, 15-க்குக் கீழே என்றால் வேறு சீம்பால் தேட வேண்டியதுதான். குட்டியின் ரத்தம் பதில் சொல்ல எட்டு மணி நேரமாவது ஆகும். இது ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும். வெளியீட்டைப் பார்க்கும் முன் உள்ளீட்டைச் சரிபார் என்று எங்கள் துறையில் தினமும் சொல்வதும் இதைத்தான்.

எப்போது ரத்தம் எடுப்பது?

குட்டியின் ரத்தத்தில் ஐஜிஜி உச்சத்தைத் தொடுவது 18 முதல் 24 மணி நேரத்தில். அப்போது அளந்தால் இறுதி எண் கிடைக்கும். ஆனால் அப்போது குடல் கதவு மூடியிருக்கும். குறைவு என்று தெரிந்தாலும் சீம்பால் கொடுத்துச் சரிசெய்ய முடியாது.

8 முதல் 12 மணி நேரத்தில் அளந்தால் எண் முழுசாக ஏறியிருக்காது. 500 என்று வந்தால் அது 900-க்கு ஏறிக்கொண்டிருக்கும் 500-ஆ, அங்கேயே நிற்கப்போகும் 500-ஆ என்று சொல்ல முடியாது. ஆனால் 200-க்கும் கீழே என்று வந்தால் பிரச்சனை என்று சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும், கதவும் இன்னும் கொஞ்சம் திறந்திருக்கும்.

மான்சினி வளையத்தை இங்கே வைத்துப் பாருங்கள். 10-வது மணி நேரத்தில் ரத்தம் எடுத்தால் பதில் வருவது 30-வது மணி நேரம் வாக்கில். அப்போது அந்தத் துல்லியத்தை வைத்து வாய்வழியாக ஒன்றும் செய்ய முடியாது. 10 நிமிடத்தில் வரும் சுமாரான பதில், குட்டியின் உயிரைப் பொறுத்தவரை, அதைவிட மதிப்புள்ளது. வளைய முறையின் இடம் வேறு: மற்ற கிட்டுகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று ஒப்பிட்டுச் சொல்வது.

அதனால் ஆபத்து அதிகமுள்ள குட்டிகளுக்கு இரண்டு முறை பார்ப்பது நியாயமாகப் படுகிறது. 8-12 மணி நேரத்தில் ஒருமுறை, செயல்படுவதற்காக. 24 மணி நேரத்தில் இன்னொருமுறை, உறுதிப்படுத்துவதற்காக.

தப்பான அலாரத்தின் கணக்கு

சுமாரான பரிசோதனை என்றால் எவ்வளவு சுமார்? கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். 100 குட்டிகள், அதில் 10 குட்டிக்கு உண்மையிலேயே குறைவு. நம்முடைய கிட், குறைவாக உள்ளவற்றில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, நன்றாக உள்ளவற்றில் 80 சதவீதத்தைச் சரி என்கிறது.

குறைவான 10-ல் 9 பிடிபடும், 1 தப்பும். நல்ல 90-ல் 18 குட்டிக்குத் தவறாக அலாரம் அடிக்கும். மொத்தம் 27 அலாரம், அதில் மூன்றில் இரண்டு பங்கு பொய். மென்பொருள் கண்காணிப்பில் இப்படி ஒரு அலாரம் இருந்தால் இரண்டு நாளில் யாரோ அதை மியூட் பண்ணிவிடுவார்கள்.

ஆனால் மறுபக்கம் பாருங்கள். 'சரி' என்று வந்த 73 குட்டியில் தவறானது ஒன்றே ஒன்று. பொய் அலாரத்தின் விலை இன்னொரு பரிசோதனை, அல்லது தேவையில்லாமல் ஏற்றிய ஒரு பை பிளாஸ்மா. தவறவிட்டதன் விலை ஒரு குட்டி. இரண்டு தவறுக்கும் ஒரே விலை இல்லாதபோது, மலிவான தவறின் பக்கம் சாய்ந்திருக்கும் பரிசோதனைதான் நல்லது. துத்தநாக சல்பேட் முறையில் சிவப்பணு உடைந்தால் எண் ஏறிவிடுவதை ஆபத்தான தவறு என்று சொன்னது இதனால்தான். அது நோயைப் 'சரி' என்று காட்டுகிறது.

குறைவு என்று வந்தால்?

12 மணி நேரத்துக்குள் என்றால் சீம்பால்தான் மருந்து. பெரிய பண்ணைகளில் சீம்பால் வங்கி உண்டு. நிறைய சுரக்கும் குதிரையிடமிருந்து, அதன் குட்டி குடித்த பிறகு, கொஞ்சம் கறந்து உறைய வைத்திருப்பார்கள். தேவைப்படும்போது மிதமான வெந்நீரில் வைத்து உருக்க வேண்டும். மைக்ரோவேவில் சூடாக்கினால் புரதம் கெட்டுவிடும். குட்டி சப்பவில்லையென்றால் மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கொடுப்பார்.

கதவு மூடிவிட்டால் ஒரே வழி, வேறு குதிரையின் பிளாஸ்மாவை நரம்பில் ஏற்றுவது. லிட்டருக்கு 20 கிராம் ஐஜிஜி உள்ள பிளாஸ்மா ஒரு லிட்டர் ஏற்றினால், 5.5 லிட்டரில் 20 கிராம், அதாவது டெசிலிட்டருக்கு 360 மி.கி. ஏற வேண்டும். நடைமுறையில் 200 முதல் 300 வரைதான் ஏறும், மீதி திசுக்களுக்குள் போய்விடும். 200-ல் இருக்கும் குட்டியை 800-க்குக் கொண்டுவர இரண்டு மூன்று லிட்டர் தேவை. மெதுவாக ஏற்ற வேண்டும், ஒவ்வாமை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், முடிந்ததும் மறுபடி அளக்க வேண்டும்.

நம் ஊரில் பாம்பு கடித்தவருக்கு ஏற்றும் மருந்தும் இதே கொள்கைதான். குதிரைக்கு விஷத்தைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, அது உருவாக்கும் ஆன்டிபாடியின் துண்டுகளை மனிதருக்கு ஏற்றுகிறோம். எர்லிச்சின் எலிக்குட்டி கடன் வாங்கியது போலவே நாமும் கடன் வாங்குகிறோம்.

சீம்பாலே எதிரியாகும்போது

ஒரு விதிவிலக்கு உண்டு. முந்தைய பிரசவங்களில் குட்டியின் ரத்தம் கலந்து, அந்த ரத்த வகைக்கு எதிராகத் தாயின் உடம்பில் ஆன்டிபாடி உருவாகியிருக்கலாம். குதிரையில் ஏஏ, கியூஏ என்ற இரண்டு ரத்த வகைக் காரணிகள்தான் பெரும்பாலும் காரணம். நஞ்சுக்கொடி வழியாக ஆன்டிபாடி போகாததால் குட்டி நன்றாகத்தான் பிறக்கும். சீம்பால் குடித்த பிறகுதான் அதன் சிவப்பணுக்கள் உடைய ஆரம்பிக்கும். ஓரிரு நாளில் ஈறும் கண்ணும் மஞ்சளாகும். கோவேறு கழுதைக் குட்டிகளிடம் இந்தப் பிரச்சனை இன்னும் அதிகம்.

இதற்கும் எளிய பரிசோதனை இருக்கிறது. சீம்பாலைப் படிப்படியாக நீர்க்க வைத்து, ஒவ்வொன்றிலும் குட்டியின் ரத்தத்தைக் கலந்து சிவப்பணு ஒட்டிக்கொள்கிறதா என்று பார்ப்பார்கள். 16 மடங்கு நீர்த்த பிறகும் ஒட்டினால் அந்தக் குட்டிக்கு அந்தச் சீம்பால் ஆகாது. வாய்க்கூடு மாட்டி, வேறு குதிரையின் சீம்பால் கொடுத்து, கதவு மூடியதும் தாயிடம் விட்டுவிடலாம். அப்போது அதே பால் ஒன்றும் செய்யாது. மற்ற குட்டிகளுக்குக் கவலை தரும் குடல் மூடல், இந்தக் குட்டியைக் காப்பாற்றுகிறது.

எண் சொல்லாத விஷயம்

800 தாண்டிய குட்டிக்கும் நோய் வரலாம். 400-க்குக் கீழே இருந்தும் சுத்தமான தொழுவத்தில் நன்றாக வளர்ந்த குட்டிகள் உண்டு. ஐஜிஜி எவ்வளவு என்று பரிசோதனை சொல்லும், எந்தக் கிருமிக்கு எதிரானது என்று சொல்லாது. அதனால்தான் சினைக்குதிரையை ஒரு மாதத்துக்கு முன்பே குட்டி போடப்போகும் இடத்துக்குக் கொண்டுவந்துவிடச் சொல்கிறார்கள். அந்த மண்ணின் கிருமிகளுக்கு அவள் உடம்பு பழகி, அதற்கான ஆன்டிபாடி சீம்பாலில் சேரும். தடுப்பூசியையும் பிரசவத்துக்கு 4 முதல் 6 வாரம் முன்பு போடுவது இதே காரணத்துக்காக.

குதிரை வளர்ப்பவர்கள் நம்மில் குறைவு, மாடு வைத்திருப்பவர்கள் நிறைய. கன்றுக்கும் இதே கடிகாரம்தான் ஓடுகிறது. கன்று ஈன்ற வீட்டிலிருந்து பக்கத்து வீடுகளுக்குச் சீம்பால் கொடுத்தனுப்புவது நல்ல பழக்கம். முதல் கறவை மட்டும் கன்றுக்குப் போகட்டும், இரண்டு மணி நேரத்துக்குள், வயிறு நிறைய. வெல்லமும் ஏலக்காயும் அடுத்த கறவைக்குப் போட்டுக்கொள்ளலாம்.